வாரத்தின் நடுவில் ஒரு மாலை

மனிதன் கூடி வாழப் பிறந்தவன். வீடு, ஊர், சங்கம், சமயம் என அவன் அமைத்துக்கொண்ட யாவும் அந்தக் கூட்டுறவிலிருந்து தோன்றியவையே. எனினும் எல்லாக் கூட்டங்களும் ஒரே தன்மையுடையன அல்ல. உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் செல்கிறோம். செல்லாவிட்டால் உறவில் விரிசல் விழும். அலுவலகக் கூட்டத்திற்குச் செல்கிறோம். செல்லாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். பெருவிழாவிற்குச் செல்கிறோம், ஊரே திரண்டு செல்லும்போது நாம் மட்டும் வீட்டில் இருத்தல் அரிது. இவற்றிலெல்லாம் நம் விருப்பத்தோடு வழக்கமும் அச்சமும் பயனும் கலந்தே நிற்கின்றன.

இவை எவையும் துணை நில்லாத ஒரு கூட்டத்தை எண்ணிப் பார்ப்போம். வாரத்தின் நடுநாள், பொழுது சாய்ந்த நேரம், உழைத்துக் களைத்தவர்கள் வீடு திரும்பும் வேளை. அவ்வேளையில் ஒருவரை அழைத்து, "உங்கள் மாலைப் பொழுதில் ஒரு மணி நேரத்தை எங்களுக்குத் தாருங்கள்" என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? அவ்வாறு கேட்பவர் எந்த அறத்திற்குக் கட்டுப்பட்டவர்?

இவ்வினாவை ஆராய்வதற்கு, சிறியதொரு பாப்டிஸ்டு திருச்சபையின் புதன்கிழமை மாலைக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். இத்துணைச் சிறிய செய்தியில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கருதலாம். பெரிய செய்திகளில் அறம் தவறினால் உலகம் உடனே கண்டுகொள்ளும். சிறிய செய்திகளில் தவறினால் கேட்பார் இலர். ஆதலால் நாம் நாள்தோறும் செய்யும் தவறுகளுள் பல சிறிய செய்திகளிலேயே மறைந்து கிடக்கின்றன.

புதன்கிழமை மாலை

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் பாப்டிஸ்டு சபை இல்லாத சிற்றூரைக் காண்பது அரிது. அச்சபைகளில் வாரத்திற்கு மூன்று முறை கூடுவது நெடுங்காலமாக வழக்கமாக இருந்து வந்தது. ஞாயிறு காலை, ஞாயிறு மாலை, புதன் மாலை என்பன அம்மூன்று வேளைகள். ஞாயிறு காலை ஆராதனைக்கு ஊர் வழக்கமே துணையாக நின்றது. புதன் மாலைக்கும் ஒரு காலத்தில் அத்தகைய துணை இருந்தது. பல ஊர்களில் பள்ளிகள் அன்று மாலையில் விளையாட்டுப் போட்டிகளை வைப்பதில்லை. ஆசிரியர்களும் வீட்டுப்பாடத்தைக் குறைத்தே கொடுத்தார்கள். இன்று பல இடங்களில் அந்த வேலி தளர்ந்துவிட்டது. விளையாட்டுப் பயிற்சியும் இரவுப்பணியும் நெடுந்தொலைவுப் பயணமும் புதன்கிழமையையும் மற்ற நாள்களுள் ஒன்றாக்கிவிட்டன.

அம்மாலையின் நடைமுறை எளியது. முதலில் சபையின் உணவுக்கூடத்தில் இரவு உணவு. சில சபைகளில் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கறி சமைத்துக் கொண்டுவந்து நீண்ட மேசையில் வரிசையாக வைப்பார்கள். எல்லாரும் எல்லாவற்றிலும் சிறிது எடுத்துக்கொள்வார்கள். உணவுக்குப்பின் சிறுவர்கள் தனி அறைக்குச் செல்வார்கள். ஆண்பிள்ளைகளுக்காக 1908ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'ராயல் அம்பாசிடர்ஸ்' போன்ற வகுப்புகள் அங்கே நடைபெறும். முதியோரும் பெற்றோரும் ஜெபக்கூட்டத்திற்கு அமர்வார்கள். இரண்டொரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதியைப் பற்றிய சிறு விளக்கம், பின்னர் நோயுற்றோர், வேலை இழந்தோர், துயருற்றோர் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி மன்றாட்டு. அவ்வளவே.

இவற்றைத் திட்டமிடுவோர் யார்? பெரிய சபைகளில் அதற்கென ஊதியம் பெறும் பணியாளர்கள் உண்டு. சிறிய சபையில் போதகர் ஒருவரே. அவருங்கூடப் பல இடங்களில் பகற்பொழுதில் வேறொரு வேலை பார்த்துப் பிழைப்பவர். பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டோ, கடையைப் பூட்டிவிட்டோ நேரே சபைக்கு வருபவர். அவரோடு உதவிக்காரர் என்னும் பொறுப்பாளர் இரண்டு மூவரும், அடுக்களையைத் தாங்கும் பெண்கள் சிலரும் இருப்பார்கள். ஆறு மணிக்கா ஆறரைக்கா, உணவுடனா உணவின்றியா, வேதபாடமா ஜெபமா, குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்பனவே அவர்கள் முன் இருக்கும் வினாக்கள். இவ்வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறொரு வினா நிற்கின்றது. பிறர் வாழ்நாளில் ஒரு பகுதியை நாம் எவ்வாறு கையாளப் போகிறோம் என்பதே அது.

தண்டமும் தடையும்

பாப்டிஸ்டு சபைக்கு இவ்வினா புதியதன்று. அச்சபை பிறந்ததே இவ்வினாவிலிருந்துதான் எனலாம். அதன் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிக் காண்பது நலம்.

இங்கிலாந்தில் 1559ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அரசு ஏற்ற திருச்சபைக்குச் செல்லாதவர், தவறிய ஒவ்வொரு முறைக்கும் பன்னிரண்டு பென்சு தண்டம் செலுத்த வேண்டும். வழிபாட்டுக்கு வருமாறு அரசே கட்டளையிட்ட காலம் அது. அக்கட்டளைக்கு உடன்படாத ஆங்கிலேயர் சிலர் ஆலந்து நாட்டிற்குச் சென்றனர். 1609ஆம் ஆண்டில் ஆம்சுடர்டாம் நகரில் ஜான் சுமித் என்பாரின் தலைமையில் அவர்கள் அமைத்த சிறு குழுவே பாப்டிஸ்டு சபையின் தொடக்கமாகக் கருதப்படுகின்றது. அறியாப் பருவத்துக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துச் சபையில் சேர்த்தலை அவர்கள் ஏற்கவில்லை. தானே அறிந்து, தானே நம்பி, தானே முன்வருபவர்க்கே அதனை அளித்தல் வேண்டும் என்றனர். அவர்கள் கொள்கையின் வேர் இதுவே. ஒருவர் நம்பிக்கையை இன்னொருவர் அவருக்காக ஏற்க முடியாது. எவரும் அதனைத் திணிக்கவும் முடியாது.

அக்குழுவினருள் ஒருவரான தாமசு ஹெல்விசு தாய்நாடு திரும்பினார். 1612ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், அரசனும் இறக்கும் மனிதனே, குடிகளின் ஆன்மாவின்மீது அவனுக்கு ஆட்சி இல்லை என்று மன்னர் ஜேம்சுக்கே எடுத்துரைத்தார். தம் இனத்தார்க்கு மட்டும் அவர் உரிமை கேட்கவில்லை. யூதர்க்கும் இசுலாமியர்க்கும் தம் கொள்கைக்கு மாறுபட்டவர்க்கும் அதே உரிமை வேண்டும் என்றார். அதன் பயனாகச் சிறை புகுந்தார்.

பின்னர்க் காலம் வேறொரு முகத்தைக் காட்டிற்று. 1664ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், அரசுத் திருச்சபையின் முறைக்குப் புறம்பான வழிபாட்டிற்காக, ஒரு வீட்டாரைத் தவிர வெளியார் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடுவதைக் குற்றமாக்கியது. முதற் குற்றத்திற்கும் இரண்டாம் குற்றத்திற்கும் தண்டமோ சிறையோ; மூன்றாம் முறை பிடிபட்டால் நாடு கடத்தல் வரை தண்டனை உண்டு. பெட்போர்டு நகரத்துச் சபையைச் சேர்ந்த ஜான் பனியன் அதற்கு முன்பே, 1660ஆம் ஆண்டில், சிறைப்பட்டிருந்தார். இனிப் பிரசங்கம் செய்வதில்லை என்று ஒரு சொல் கொடுத்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அச்சொல்லை அவர் கொடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்து, கயிற்றுப் பின்னல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். 1689ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இத்தகைய சபைகள் அச்சமின்றிக் கூட முடிந்தது.

வராதவரைத் தண்டித்தது ஒரு சட்டம். வந்தவரைத் தண்டித்தது மற்றொரு சட்டம். இரண்டும் ஒன்றற்கொன்று மாறானவை போலத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே. மனிதன் எங்கே, எப்போது, யாரோடு கூடுவது என்பதை அவனுக்கு வெளியேயுள்ள ஒருவர் முடிவு செய்யலாம் என்பதே இரண்டின் உட்பொருள். அவ்விரண்டையும் எதிர்த்தவர்களின் வழிவந்த சபை, தன் உறுப்பினரை எவ்வாறு அழைக்க வேண்டும்? அழைப்பு எங்கே முடிகிறது, கட்டாயம் எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்து அழைக்க வேண்டும் அன்றோ?

மூன்று சோதனைகள்

கூடுதல் குற்றமாக இருந்தபோது காட்டிலும் களஞ்சியத்திலும் மறைந்து கூடினார்கள். கூட எவ்விதத் தடையும் இல்லாத இன்று, விளக்கேற்றி வைத்த அறையில் நாற்காலிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. இதைக் காணும் போதகரின் உள்ளம் நோவது இயல்பே. அந்த நோவிலிருந்து மூன்று சோதனைகள் பிறக்கின்றன.

முதலாவது, வராதவரை நாணச் செய்தல். ஞாயிறு காலையில் நிறைந்த அவையின் முன், புதன்கிழமை வருபவரே மெய்யான அன்புடையவர் என்று குறிப்பாகச் சொல்லுதல். வழியில் கண்டபோது, "போன வாரமும் உங்களைக் காணவில்லையே" என்று சிரித்துக்கொண்டே கேட்டல். தண்டமாகப் பன்னிரண்டு பென்சு வாங்கும் அதிகாரம் இன்று எவர்க்கும் இல்லை. ஆயினும் நாணத்தைத் தண்டமாக வாங்கும் அதிகாரம் எல்லார்க்கும் உண்டு. மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் தாதியும், நினைவிழந்த தாயைத் தனியே விட்டு வர இயலாத மகனும் அத்தண்டத்தைச் செலுத்துகின்றனர். வராததற்குரிய காரணத்தைச் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் நாளடைவில் ஞாயிற்றுக்கிழமையும் விலகிவிடுகின்றனர்.

இரண்டாவது, கவர்ச்சி காட்டி இழுத்தல். பக்கத்து ஊரிலுள்ள பெரிய சபையில் இசைக்குழு இருக்கிறது; விளையாட்டு அரங்கம் இருக்கிறது. நாமும் ஏதேனும் செய்தல் வேண்டும் என்னும் பதற்றம் சிறிய சபையைப் பற்றிக்கொள்கிறது. வாரத்திற்கு ஒரு புதுமை தேடி, இருபது பேர் கொண்ட சபை இருநூறு பேர் செய்யும் வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறது. உணவும் இசையும் தவறல்ல. பசித்தவர்க்கு உணவளிப்பது நன்றே. ஆனால் ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுப்பது வாணிகத்திலேயே குற்றமாகும்போது வழிபாட்டில் எவ்வாறு பொருந்தும்? உணவு உணவாகவே அளிக்கப்படட்டும். அது வலையாக ஆதல் கூடாது.

மூன்றாவது, தலைகளை எண்ணுதல். முப்பது பேர் வந்தால் வெற்றி, ஒன்பது பேர் வந்தால் தோல்வி என்று குறித்து வைப்பது எளிது. எண்ணிக்கை ஒரு செய்தியைத் தருகிறது என்பதை மறுக்க வேண்டுவதில்லை; எத்தனை பேருக்குச் சோறு சமைப்பது என்பதற்கு அது தேவையே. எனினும் எண்ணிக்கையே அளவுகோலாகும்போது வந்திருக்கும் ஒன்பது பேர் மறைந்து, வராத இருபத்தொரு பேரே கண்முன் நிற்பார்கள். பேசுபவர் வராதவர்மீது கொண்ட வருத்தத்தை வந்தவர்மீது கொட்டுவார். விருந்துக்கு வந்தவரிடம், வராதவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் வீட்டாரை நாம் என்னென்போம்?

வாக்குறுதியும் கட்டாயமும்

இங்கே ஒரு மறுப்பு எழும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. "விருப்பம் ஒன்றையே நம்பினால் எந்த நற்செயலும் நிலைபெறாது. மழை பெய்தால் விருப்பம் குன்றும். தொலைக்காட்சியில் நல்ல நிகழ்ச்சி வந்தால் விருப்பம் மாறும். பழக்கமும் கட்டுப்பாடும் இல்லாமல் எந்தப் பண்பு வளர்ந்தது? மனம் வந்தால் படிப்பேன் என்னும் மாணவன் தேர்ச்சி பெறுவானா?" என்று கேட்பார்கள்.

இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் கட்டுப்பாடு இருவகைப்படும். பிறர் நம்மீது சுமத்துவது ஒன்று. நாமே உணர்ந்து நமக்கு விதித்துக்கொள்வது மற்றொன்று. பாப்டிஸ்டு சபைகள் பலவற்றில் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. உறுப்பினராகச் சேர்பவர், ஒருவரையொருவர் அன்புடன் தாங்குவோம், நோயிலும் துன்பத்திலும் துணை நிற்போம், கூடிவருதலை விட்டுவிட மாட்டோம் என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறார். அதுவும் ஒரு கட்டுதான். எனினும் அதனைக் கட்டியவர் அவரே. மணமக்கள் ஒருவர்க்கொருவர் கொடுத்த வாக்கைப் போன்றது அது. வாக்கு, விருப்பம் குன்றிய நாளில் விருப்பத்தைத் தாங்குவதற்காகவே கொடுக்கப்படுகிறது.

ஆகவே திட்டமிடுபவர் உறுப்பினர்க்கு அவர்தம் வாக்கை நினைவூட்டலாம், அது குற்றமாகாது. ஆனால் அவ்வாக்கின் பொருளைத் தாமே விரித்துக்கொள்ளல் ஆகாது. ஒருவரையொருவர் தாங்குவோம் என்பதே வாக்கு. புதன்கிழமை ஆறரை மணிக்கு இந்த அறையில் அமர்வோம் என்பது அவ்வாக்கை நிறைவேற்றும் வழிகளுள் ஒன்று. நோயுற்ற அண்டை வீட்டாரைப் புதன் மாலையில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் கூட்டத்திற்கு வரவில்லை. வாக்கைத் தவறவும் இல்லை. கூட்டத்திற்கு வாரந்தோறும் வந்து, அண்டை வீட்டாரின் பெயரையும் அறியாதவர் நாளைத் தவறவில்லை, வாக்கைத் தவறினார். இவ்வேறுபாட்டை மறந்த இடத்தில் வழிமுறையே நோக்கமாகிவிடும்.

ஒரு மணி நேரத்தின் மதிப்பு

நல்ல அழைப்புக்கு எடுத்துக்காட்டு ஒன்றைப் பாப்டிஸ்டு வரலாறே தருகின்றது. 1784ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நார்த்தாம்டன் வட்டாரத்துச் சபைகளின் போதகரும் பேராளரும் நாட்டிங்காம் நகரில் கூடினர். பெரும்பாலும் சிறிய சபைகள். ஊக்கம் குன்றியிருந்த காலம். ஓல்னி என்னும் ஊரின் போதகரான ஜான் சட்கிளிப் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு மாதத்தின் முதல் திங்கட்கிழமையும் ஒரு மணி நேரம் எல்லாச் சபைகளும் ஜெபத்திற்கென ஒதுக்க வேண்டும் என்பதே அது. அவ்வாறே தீர்மானித்தனர்.

அத்தீர்மானத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அது கட்டளையன்று, பரிந்துரை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆள்வது என்னும் கொள்கையுடையவர்கள் வேறு எவ்வாறு கூற முடியும்? கேட்ட நேரம் ஒரு மணி. அளவு தெளிவாக இருந்தது. வாரந்தோறும் கேட்கவில்லை; தாங்கக்கூடிய அளவே கேட்டனர். நோக்கமும் தம் சபையின் நாற்காலிகளை நிரப்புவதாக இல்லை. தம் சபைக்கும் தம் நாட்டிற்கும் அப்பாலுள்ள மக்களையும் நினைத்து மன்றாடினர்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1792ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் கெட்டரிங் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டில் அவர்களுள் சிலர் கூடி, பாப்டிஸ்டு அருட்பணிச் சங்கத்தை நிறுவினர். அன்று அவர்கள் எழுதிக்கொடுத்த நன்கொடை 13 பவுன் 2 சில்லிங் 6 பென்சு. அச்சங்கத்தின் சார்பில் அடுத்த ஆண்டு வங்காளத்திற்கு வந்தவரே, முன்னாளில் செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரி. அருட்பணியின் நன்மை தீமைகளைப் பற்றி இந்திய மண்ணில் பல கருத்துகள் உண்டு. அவற்றை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. மாதத்திற்கு ஒரு மணி நேரமே கேட்ட எளிய கூட்டங்கள் எவ்வளவு தொலைவு செல்ல வல்லவை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் கூடியவர்கள் இவ்விளைவை முன்னறிந்து கூடவில்லை. விளைவு ஒன்றுமே இல்லாது போயிருப்பினும் அவர்கள் கூடியது வீணாகியிராது.

காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும் இடனறிதலுக்கு ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து வகுத்தார் வள்ளுவர். அரசனுக்குச் சொன்னதாயினும் ஆறரை மணிக்குக் கூட்டம் வைப்பவர்க்கும் அது பொருந்தும். ஏழரைக்கு முடியும் என்று சொன்னால் ஏழரைக்கு முடித்தல் வேண்டும். மறுநாள் விடியற்காலையில் எழ வேண்டிய தொழிலாளியின் தூக்கத்திலிருந்து பதினைந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளும் பேச்சாளர், அவர் பையிலிருந்து பணத்தை எடுத்திருந்தால் அதற்கு என்ன பெயர் இடுவோம்? பணத்தைத் திருப்பித் தரலாம். பொழுதைத் திருப்பித் தர எவராலும் இயலாது.

அடுக்களையில் நிற்பவர்

திட்டமிடுவோர் எளிதில் மறந்துவிடும் இரு திறத்தார் உண்டு. ஒரு திறத்தார் அடுக்களையில் நிற்பவர்கள். பகல் முழுதும் வேலை செய்த தாய் வீட்டுக்குச் சென்று சமைக்க வேண்டியதில்லை. நேரே வந்து பிள்ளைகளோடு உண்ணலாம் என்பதற்காகவே புதன்கிழமை உணவு ஏற்பட்டது. நல்ல எண்ணம். ஆனால் அந்த உணவைச் சமைப்பவரும் பகல் முழுதும் வேலை செய்த ஒரு தாயாகவே இருக்கின்றார். எல்லாரும் உண்டு முடித்து ஜெபத்திற்குச் செல்லும்போது அவர் பாத்திரம் கழுவுகிறார். கழுவி முடிக்கும்போது கூட்டமும் முடிந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் கூட்டத்திற்கு வந்தும் ஒருநாளும் கூட்டத்தில் அமராதவர் அவர். ஒருவரின் களைப்பைத் தீர்ப்பதற்கு இன்னொருவரின் களைப்பை விலையாகக் கொடுக்கும் ஏற்பாடு நேர்மையானதாகாது. முறை வைத்துக்கொள்ளலாம், ஆண்களும் கழுவலாம், ரொட்டியும் சூப்பும் போதும் என்று உணவை எளிமையாக்கலாம். மேசையின் சிறப்புக் குறைந்தாலும் அங்கே அமர்வோரின் எண்ணிக்கை ஒன்று கூடும்.

போதகரின் வீட்டாரையும் இவர்களோடு சேர்த்தே எண்ணுதல் தகும். வேறு வேலையும் பார்த்து, சபையையும் தாங்குபவர்க்கு வாரத்தில் எஞ்சும் மாலைகள் சிலவே. அவற்றுள் ஒன்று அவர் பிள்ளைகளுக்குரியது என்பதைச் சபையார் நினைத்தல் வேண்டும்.

மற்றொரு திறத்தார், பெயர் மட்டும் அவைக்கு வந்து ஆள் வராதவர்கள். ஜெபக்கூட்டத்தில் நோயுற்றோரின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. சிறிய சபையில் எல்லார்க்கும் எல்லாரையும் தெரியும். அதுவே அதன் வலிமை. அதுவே அதன் இடர். "இன்னாரின் மகனுக்காக ஜெபியுங்கள், குடிப்பழக்கத்தில் வீழ்ந்துவிட்டான்" என்று ஒருவர் பரிவோடு சொல்கிறார். மறுநாள் காலைக்குள் ஊர் முழுவதும் அறிந்துவிடுகிறது. அந்த மகனின் ஒப்புதலை யார் கேட்டார்? புறங்கூறுதல் இரக்கத்தின் உடையை உடுத்திக்கொண்டு வரும்போது அதனை அடையாளங் காண்பது மிகக் கடினம். பெயரைச் சொல்லுமுன் உரியவரைக் கேட்டல், விவரத்தைச் சொல்லாது தேவையை மட்டும் சொல்லுதல், அறையில் கேட்டதை அறையிலேயே விட்டுச் செல்லுதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடிக்காத கூட்டம் எத்துணை உருக்கமாக ஜெபித்தாலும் ஒருவர் மானத்தைக் காக்கத் தவறியதாகும்.

சிலர் மட்டும் வரும்போது

எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் சிலரே வரும் நாள்கள் உண்டு. நியூயார்க் நகரத்தில் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், ஒரு புதன்கிழமை, ஜெரமையா லான்பியர் என்பவர் நண்பகல் ஜெபக்கூட்டம் ஒன்றை அறிவித்தார். அவர் பாப்டிஸ்டு அல்லர். வேறொரு சபையின் பணியாளர். குறித்த நேரத்தில் அறையில் அவர் ஒருவரே இருந்தார். அரைமணி நேரம் தனியாகவே அமர்ந்திருந்தார். பின்னர் ஒருவர் பின் ஒருவராக வந்து, முடிவில் அறுவர் ஆயினர். அது சில மாதங்களில் நகரமெங்கும் பரவியதை வரலாறு வியந்து எழுதியிருக்கிறது. நான் வியப்பது அந்த முதல் அரைமணி நேரத்தையே. பின்னால் வரப்போவதை அறியாமல், வெறுமையான அறையில், சொன்ன சொல்லைக் காத்து அமர்ந்திருந்தாரே, அதுவே அறம். எவரும் வராமலே போயிருந்தாலும் அந்த அரைமணியின் மதிப்பு ஓர் அணுவும் குறைந்திராது.

அப்படியானால் எக்கூட்டத்தையும் என்றும் நிறுத்தவே கூடாதா? அவ்வாறன்று. வழக்கத்திற்காக மட்டும் நடக்கும் கூட்டம், வருபவரையும் சோர்வடையச் செய்யும். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று எல்லாக் கதவுகளையும் மூடியபோது பல சபைகள் தொலைபேசியிலும் கணினித் திரையிலும் ஜெபித்தன. கதவு மீண்டும் திறந்தபோது, புதன் மாலையை முன்போல் தொடர்வதா என்று ஆராய வேண்டிய நிலை அவற்றுக்கு வந்தது. அது நல்ல வாய்ப்பே. எண்ணிக்கையை அளவாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயலுதல் தவறு. கேட்க வேண்டியது வேறு: இக்கூட்டம் நின்றுவிட்டால் துணையற்றுப் போகும் மனிதர் எவரேனும் உண்டா?

கணவரை இழந்து தனியே வாழும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். திங்கள் முதல் சனி வரை அவர் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல் அந்தப் புதன்கிழமைக் குரல் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒருவர்க்காகவே விளக்கேற்றலாம். இல்லை, அவர் இரவில் வண்டியோட்டி வர அஞ்சுகிறார் என்றால், அறையின் விளக்கை அணைத்துவிட்டு நால்வர் அவர் வீட்டுக்குச் செல்லலாம். கூட்டம் அங்கே நடக்கட்டும். கூட்டம் நின்றதா தொடர்ந்ததா என்பது அப்போது பொருளற்ற வினாவாகிவிடும். நிறுத்துவதாயின் எல்லாரும் கூடி ஆராய்ந்து, வெளிப்படையாக நிறுத்துதல் வேண்டும். உறுப்பினர் யாவரும் சேர்ந்து முடிவெடுப்பதே பாப்டிஸ்டு மரபு. குறைத்துக் குறைத்துக் கேட்பாரற்று மடியவிட்டு, பின்னர் வராதவர்மீது பழி போடுதல் முறையன்று.

அழைப்பின் அறம்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் அழைப்பின் அறம் தெளிவாகும். அழைப்பவர் தாம் எதற்காக அழைக்கிறார் என்பதை மறைக்கலாகாது. கேட்கும் பொழுதின் அளவைச் சொல்லி அதனைக் காத்தல் வேண்டும். வந்தவரை மகிழ்ந்து ஏற்றல் வேண்டும். வராதவரை நாணச் செய்யலாகாது. ஒருவரின் இளைப்பாறுதலுக்கு மற்றொருவரை அடிமையாக்கலாகாது. அவையில் இல்லாதவரின் மானத்தைக் காத்தல் வேண்டும். இத்தனையும் செய்தபின், மறுப்பதற்கு உரிமையுடையவரே வருகிறார் என்பதை உணர்ந்து, கதவைத் திறந்துவைத்துக் காத்திருத்தல் வேண்டும். மறுக்க இயலாதவர் வருவதில் பெருமை இல்லை. மறுத்திருக்கக் கூடியவர், களைப்போடும் கவலையோடும், ஒரு மணி நேரத்தைக் கையில் ஏந்தி வருகின்றாரே, அதுவே பெருமை.

அந்தச் சிறிய சபையின் வினா நமக்கு அயலானதன்று. மொழிக்காகவும் இலக்கியத்திற்காகவும் சங்கம் அமைத்து, வேலை நாளின் மாலைகளில் கூட்டம் கூட்டுகின்ற நாமும் வெறுமையான நாற்காலிகளைக் கண்டவர்களே. வந்த பத்துப் பேரை நிறுத்தி வைத்து, வராத நூறு பேரின் மொழிப்பற்றைக் குறைகூறும் பேச்சுகள் நம் மேடைகளிலும் ஒலித்ததுண்டு. வரவேற்புரை நீண்டு, சிறப்புரை தொடங்கும்போது கடைசிப் பேருந்து போய்விடுவதும் உண்டு. தேநீர் ஆற்றித் தந்தவர் ஒருவர், உரையைக் கேளாமலே வீடு திரும்புவதும் உண்டு.

பன்னிரண்டு பென்சு தண்டத்திற்கு அஞ்சி நிறைந்த கோயில்கள் அன்று இருந்தன. தண்டனைக்கு அஞ்சாமல் அறுவர் கூடிய அறைகளும் இருந்தன. மனித உரிமையின் வரலாறு அந்தச் சிறிய அறைகளுக்கே கடன்பட்டுள்ளது. ஆகவே அடுத்த கூட்டத்திற்கு நாள் குறிக்கும் எவரும், எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்குமுன், வருகின்ற ஒருவர்க்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வார்களாக. அக்கேள்விக்கு நேர்மையான விடை இருக்குமாயின், ஒருவரே வந்தாலும் அந்த மாலை நிறைந்த மாலையே.